செம்புத் தகட்டின் முதுகு

"இந்தக் கவிதைய எழுதினவன் கையை முறிச்சு அடுப்புல போடணும்," என்றார் வெண்டெல்.

"நான்தான் எழுதினேன்," என்றாள் எமெரென்சியா.

ஹில்லெ மென்றுகொண்டிருந்த ஹெர்ரிங் மீன் துண்டு மூச்சுக்குழலுக்குள் போகப் பார்த்தது. இருமித் துப்பிவிட்டுத் தன் முதலாளியை முறைத்தாள். வாடிக்கைக்காரர்களை உட்காருவதற்கு முன்பே விரட்டுவதில் ஹார்லெம் நகரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

வெண்டெல் ஒரு காலத்தில் லத்தீன் பள்ளி ஆசிரியர். அதற்குப் பிறகு பதினோரு வருடம் அச்சுக்கூடத்தில் பிழை திருத்தினார். ஊரில் வெளியான காதல் கவிதை அத்தனையும் அவர் கண் வழியாகப் போனதில், மனித இனத்தின் மேலேயே அவருக்கு மரியாதை போய்விட்டது. இப்போது ஏமாந்தவர்கள் கொண்டுவரும் வில்லங்கங்களைத் துப்புத் துலக்கிப் பிழைக்கிறார். ஹில்லெ அவருக்கு உதவியாள். செம்புத் தகட்டில் மை தடவித் துடைக்கும் வேலையில் ஆறு வருடம் இருந்து, வாய் நீளம் என்று துரத்தப்பட்டவள். அவள் உள்ளங்கையில் மையும் போகவில்லை, வாயும் அடங்கவில்லை.

"உக்காரும்மா," என்றாள் ஹில்லெ. "வாத்தியார் அப்படித்தான். அவருக்குப் பிடிச்ச ஒரே கவிதை, அச்சாகாத கவிதை."

எமெரென்சியா உட்காரவில்லை. இருபத்தாறு வயது. நகரத்துக்கு மேற்கே, மணல்மேட்டின் அடியில் துணி வெளுக்கும் களம் ஒன்று அவளுக்குச் சொந்தம். அப்பா போன பிறகு தனியாகவே நடத்துகிறாள். துணி வெளுக்கும் மோரில் ஊறி ஊறி விரல்களும் வெளுத்துப் போயிருந்தன.

மேஜைமேல் அவள் விரித்த தாளில், சிறகு முளைத்த மன்மதக் குழந்தை ஒன்று உறைந்த கால்வாய்க் கரையில் உட்கார்ந்து பனிச்சறுக்குக் கட்டையைக் காலில் கட்டிக்கொண்டிருந்தது. கீழே மூன்று மொழியில் கவிதை. லத்தீனில் தேவதைகள் ஒப்பாரி வைத்தார்கள். பிரெஞ்சில் ஒருத்தி கண்ணடித்தாள். டச்சில் வெண்ணெய் உருகியது. இந்த ஊர் வாலிபர்களுக்கு இதுதான் இப்போது பைத்தியம். மூன்றில் ஒன்றுதான் புரியும், ஆனால் மூன்றும் இருந்தால்தான் வாங்குவார்கள். காதலிக்குத் தாளை நீட்டும்போது, தானே மூன்று மொழியிலும் உருகியதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

கவிதைகளுக்கும் கீழே, கோர்த்த இரண்டு கைகள். கைகளின் இடதுபுறம் எமெரென்சியா என்று பெயர். வலதுபுறம் கோவெர்ட். நடுவில், 1614, மே மாதம் என்று தேதி.

"யார் இந்த கோவெர்ட்?" என்றார் வெண்டெல்.

"மதுவடிப்பவர் மகன். கவிதைச் சங்கத்துல அடுத்த தலைவர்."

"ரெண்டு தகுதியும் சேர்ந்தா ஒரு கழுதை வருது. மேல சொல்லு."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் அவனுக்கு வாக்குக் குடுத்தேனாம். இந்தப் படம்தான் சாட்சின்னு கல்யாண கமிஷனர்கள்கிட்ட வழக்குப் போட்டிருக்கான். இன்னைக்குப் பதினோரு மணிக்குத் தீர்ப்பு. வாக்குக் குடுத்தது நிஜம்னு அவங்க சொல்லிட்டா நான் அவனக் கட்டிக்கத்தான் வேணும். கட்டிக்கிட்டா களம் அவன் கைக்குப் போயிரும். அவனுக்கு வேண்டியது நான் இல்ல ஐயா. என் களத்துல ஓடுற மணல்மேட்டுத் தண்ணி. அதுல மது வடிச்சா நல்லா விலை போகும்."

"கவிதைய மட்டும் ஏன் எழுதிக் குடுத்த?"

அவள் முகம் சிவந்தது. "அவனுக்கு எழுதல. படக்கடை கிரிஸ்பியான் கேட்டு எழுதினேன். மூணு வருஷமா மாசம் நாலு பாட்டு, மூணு மொழியில எழுதிக் குடுக்கறேன். பேர் போடறதில்ல. யார் வாங்குறா, யாருக்குக் குடுக்குறான்னு எனக்குத் தெரியாது. நான் எழுதிக் குடுத்த தாள் இப்ப கோவெர்ட் கையில இருக்கு. என் கையெழுத்து. கிரிஸ்பியான் என்னடான்னா, பொம்பளைகிட்ட நான் கவிதை வாங்கினதே இல்ல, இவளா ஆசையா கொண்டுவந்து குடுத்தான்னு சத்தியம் பண்ணப் போறானாம்."

"அவன் ஏன் பொய் சொல்லணும்?"

"கோவெர்ட் தலைவரானா, கவிதைச் சங்கத்துப் புத்தகம் அத்தனையும் கிரிஸ்பியான் கடையிலதான் அச்சாகும்."

வெண்டெல் தாளை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். கவிதையைப் படிக்கவில்லை, அதை அவர் முதலிலேயே படித்து அவதிப்பட்டாயிற்று. எழுத்துகளின் நடுவில் விட்டிருந்த இடைவெளிகளைப் பார்த்தார்.

"ஹில்லெ, இந்தக் கடையில எழுத்து வெட்டுறது யாரு?"

"படத்த வெட்டுறது கிரிஸ்பியான். எழுத்து வெட்டுறது அவர் மக யோசினா. நான் மை துடைச்ச காலத்துலயே அவதான். ஊர்லயே அவ கைக்கு ஈடு கிடையாது."

"அப்படிப்பட்டவ மூணு மொழியையும் அளந்து வெச்ச மாதிரி வெட்டிட்டு, இந்த ஒரு பேர்ல மட்டும் ஏன் தடுமாறினா? பாரு. எமெரென்சியா. டச்சு எழுத்துல ஒன்பது வருது, ஒன்பதும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு."

ஹில்லெ எட்டிப் பார்த்தாள். "ஆமா. ஆறு பேர் படுக்கிற கட்டில்ல ஒன்பது பேரப் படுக்கப் போட்ட மாதிரி."

"தகட்ட மாத்தி வெட்ட முடியுமா?"

"முடியும். பழைய எழுத்தச் சுரண்டி எடுத்தா அந்த இடம் பள்ளமாயிரும். பள்ளத்த மேல கொண்டுவர, முதுகுப் பக்கத்துலேர்ந்து சுத்தியால தட்டணும். அப்புறம் புதுசா வெட்டலாம். தாள்ல ஒண்ணும் தெரியாது. ஆனா தகட்டோட முதுகு பொய் சொல்லாது வாத்தியாரே. அம்மை போட்ட மாதிரி குழி குழியா காட்டிக் குடுத்திரும்."

வெண்டெல் தொப்பியை எடுத்தார். மணி ஒன்பதே கால்.

கிரிஸ்பியான் கடையில் கிரிஸ்பியான் இல்லை. சத்தியம் செய்யப் போகிறவர் முகம் பளபளக்க வேண்டுமே என்று சவரத்துக்குப் போயிருந்தார். சுவர் முழுக்க மன்மதக் குழந்தைகள் தொங்கின. ஒன்று மீன் பிடித்தது, ஒன்று வெங்காயம் உரித்து அழுதது, ஒன்று மூட்டை தூக்கியது. இந்த ஊரில் உருப்படியாக வேலை செய்கிற குழந்தை அது ஒன்றுதான் என்று ஹில்லெ நினைத்துக்கொண்டாள்.

ஜன்னலோரம் யோசினா குனிந்து எழுத்து வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சௌக்கியமா யோசினா?"

"இருக்கேன் அக்கா. அப்பா இல்ல."

"அது தெரிஞ்சுதான் வந்தோம்."

துணியில் சுற்றிய தகடு மேஜைமேல் இருந்தது, கமிஷனர்களிடம் கொண்டுபோகத் தயாராக. வெண்டெல் கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. துணியை அவிழ்த்தார். ஹில்லெ தகட்டை ஒரே புரட்டாகப் புரட்டினாள்.

கீழ் ஓரத்தில், இடது பக்கம், சுத்தியல் குழிகள். நகத்தால் தடவினால் ஒவ்வொன்றாக எண்ணலாம். வலது பக்கம் வழவழவென்று இருந்தது.

"ஆகா!" என்று வெண்டெல் கத்தினார், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. "இடது பக்கம் குழி! தகட்டுல எல்லாம் கண்ணாடியில தெரியுற மாதிரி இடம் வலமாத்தானே இருக்கும்? அப்படின்னா தாள்ல வலது பக்கம். வலது பக்கம் யார் பேரு? கோவெர்ட்! வேற எவனோட பேரையோ சுரண்டிட்டு இந்தப் பய தன் பேரச் செருகியிருக்கான்!"

ஹில்லெ வாயைத் திறந்து, மூடினாள். ஆறு வருடம் தகடு துடைத்தவளுக்கு இது தெரியாதா? செம்பின் முகத்தில் எழுத்து இடம் வலமாகத்தான் இருக்கும், சரி. ஆனால் தகட்டைப் புரட்டினால் இடமும் வலமும் இன்னொரு முறை மாறி, முதுகு அப்படியே தாளைப்போல நேராகிவிடும். முதுகில் இடது என்றால் தாளிலும் இடது. மாற்றியது கோவெர்ட்டின் பெயரை இல்லை, பெண்ணின் பெயரை. படிப்பு ஏறினால் புத்தி இறங்கிவிடும் போலிருக்கிறது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஜன்னலோரம் 'டப்' என்று ஒரு சத்தம். யோசினா தன் கருவிப் பெட்டியின் மூடியை அடித்துச் சாத்தியிருந்தாள். மூடியின் உள்பக்கம் ஏதோ தாள் ஒட்டியிருந்ததை ஹில்லெ ஒரு கணம் பார்த்தாள். என்ன தாள் என்று தெரியவில்லை.

"யாருய்யா என் கடைக்குள்ள?"

கிரிஸ்பியான் வாசலில் நின்றார். சவரம் முடிந்த கன்னம், கஞ்சி போட்ட கழுத்துப்பட்டை, உருண்டை வயிறு. வெண்டெலைப் பார்த்ததும் உதடு கோணியது.

"ஓ, வாத்தியாரா! பள்ளிக்கூடத்துல துரத்தினாங்க, அச்சுக்கூடத்துல துரத்தினாங்க. நான் மட்டும் துரத்தாம இருந்தா பாவமில்ல? வெளிய போய்யா. எழுத்தத் தவிர உனக்கு என்ன தெரியும்? செம்ப மோந்து பாத்திருக்கியா வாழ்க்கையில?"

"மரியாதையா பேசுங்க," என்றாள் ஹில்லெ.

"நீ மை துடைக்கிறவ. உன் கையே உன் ஜாதகம். போ."

கால்வாய்ப் பாலத்தில் வெண்டெல் வேகமாக நடந்தார். ஹில்லெ பின்னாலேயே ஓடினாள்.

"வாத்தியாரே, ஒரு நிமிஷம். நீங்க சொன்னது தப்பு. தகட்டப் புரட்டினா..."

"உன் கருத்த நான் கேட்டேனா?"

"கேக்காமலே சொல்றதுதான என் வேலை. அந்தக் குழி..."

"ஹில்லெ, பிழை திருத்தினவன் நானா நீயா?"

"நீங்கதான். அதனாலதான் பயமா இருக்கு."

"திரும்பிப் போ. கிரிஸ்பியான் கிளம்பினதும் யோசினாகிட்ட சொல்லு, கருவிப் பெட்டிய எடுத்துக்கிட்டு பதினோரு மணிக்கு நகரமன்றத்துக்கு வரணும்னு. அப்பா கூப்பிட்டார்னு சொல்லு."

மூட்டை தூக்குபவனைப் போல அவளை அனுப்பிவிட்டுப் போய்விட்டார். பாவம் அந்தப் பெண், மூன்று மொழியில் எழுதத் தெரிந்தும் உதவிக்கு இந்த ஆளைத் தேடி வந்தாளே என்று ஹில்லெ மனசாரத் திட்டிக்கொண்டு திரும்பினாள்.

யோசினாவிடம் பொய் சொல்ல முயன்றாள். அப்பா கூப்பிட்டார் என்பதற்குள் நாக்குக் குழறியது.

"எங்கப்பாவா கூப்பிட்டார்?" என்றாள் யோசினா.

"இல்ல. எங்க வாத்தியார்."

யோசினா வெட்டிக்கொண்டிருந்த தகட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு பெட்டியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

நகரமன்றத்தில் மூன்று கமிஷனர்கள் கறுப்பு அங்கியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் தலைவர். கூட்டம் நிறைய. அடுத்தவர் கல்யாண வழக்கைவிட ருசியான தீனி ஹார்லெமில் கிடையாது.

கோவெர்ட் பட்டு மேலங்கியில் எழுந்து நின்று டச்சுக் கவிதையை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். தன் குரலில் தானே மயங்கி ஒரு இடத்தில் கண்ணை மூடினான். சங்கத்து நண்பர்கள் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

"லத்தீன்ல என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டார் தலைவர்.

"லத்தீன், ஐயா... அது நெஞ்சால உணர வேண்டியது."

எமெரென்சியா தரையைப் பார்த்தாள். தன் கவிதை இவன் வாயில் அரைபடுவதைக் கேட்பதே அவளுக்குப் பாதித் தண்டனையாக இருந்தது.

அடுத்து கிரிஸ்பியான். இரண்டு விரலை உயர்த்திச் சத்தியம் செய்தார். இந்தப் பெண்ணே கவிதையைக் கொண்டுவந்தாள். தகட்டில் இருக்கிற பெயர்கள் அன்று வெட்டியபடியே இருக்கின்றன. அதற்குப் பிறகு ஒரு கீறல்கூட மாறவில்லை. "என் கடையில வேலை அப்படி," என்று முடித்தார்.

"மறுத்துப் பேச யாராவது?"

வெண்டெல் எழுந்தார். ஹில்லெ கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் பேசறேன். தகட்டப் புரட்டிப் பாருங்க. இடது பக்கம் சுத்தியல் குழி. அப்படின்னா தாள்ல வலது பக்கம். கோவெர்ட்ங்கற பேரு பின்னால செருகினது. மாப்பிள்ளை பேர மாத்தியிருக்காங்க!"

கோவெர்ட்டின் முகம் ஒரு கணம் வெளுத்து, உடனே மலர்ந்தது. கிரிஸ்பியானோ சிரிக்க ஆரம்பித்துவிட்டார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஐயா, இந்த ஆள என்னன்னு சொல்றது! லத்தீன் படிச்ச மண்டை! தகட்டோட முகத்துலதான்யா இடம் வலமா இருக்கும். புரட்டினா நேராயிரும். இது தொழில் பழகுற முதல் நாளே தெரியுற விஷயம்." தகட்டை அவரே பிடுங்கி, முதுகைக் கமிஷனர்கள் பக்கம் காட்டினார். தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "இங்க பாருங்க. முதுகுல வலது பக்கம், தாள்லயும் வலது பக்கம். மாப்பிள்ளை பேரு. வழவழன்னு இருக்கா? ஒரு தட்டுகூட விழல. குழி இருக்கிறது இடது பக்கம். சுரண்டித் தட்டி மறுபடி வெட்டினது பொண்ணு பேரத்தான்! முட்டாளே, பொண்ணு பேரு!"

அறையில் சத்தம் அடங்கியது. கிரிஸ்பியானின் சிரிப்பு மட்டும் கொஞ்ச தூரம் தனியாக ஓடி நின்றது. தான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தபோது கை தகட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"ரொம்ப நன்றி," என்றார் வெண்டெல். "பதினோரு வருஷம் பிழை திருத்தினேன். முதுகு நேரா இருக்கும்னு எனக்கும் தெரியும். நான் சரியாச் சொல்லியிருந்தா நீங்க இல்லன்னு சாதிச்சிருப்பீங்க. தப்பாச் சொன்னா திருத்தாம இருக்க முடியுமா உங்களால? என்னை ஊரே பாக்க மட்டம் தட்டுற சந்தர்ப்பமாச்சே." பிறகு கமிஷனர்கள் பக்கம் திரும்பினார். "ஒரு கீறல்கூட மாறலைன்னு சத்தியம் பண்ணினவரே, பொண்ணு பேர மாத்தியிருக்குன்னு தொழில் அறிவோட விளக்கிட்டார். இனி நான் கேக்க வேண்டியது ஒண்ணுதான். எமெரென்சியாவோட ஒன்பது எழுத்து நெருக்கியடிக்கற அந்தக் கட்டில்ல, முன்னாடி படுத்திருந்த ஆறெழுத்துப் பேரு யாரோடது?"

ஹில்லெ கண்ணைத் திறந்தாள். அட பாவி மனுஷா, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று தோன்றியது. கூடவே, சொல்லியிருந்தால் தன் மூஞ்சி இந்நேரம் கிரிஸ்பியானுக்குக் காட்டிக் கொடுத்திருக்கும் என்றும் தோன்றியது.

"எனக்குத் தெரியாது," என்றார் கிரிஸ்பியான். குரலில் பளபளப்பு போயிருந்தது. "அந்த மே மாசம் நான் ஊர்லயே இல்ல. பிராங்க்ஃபர்ட் சந்தைக்குப் போயிருந்தேன்."

"அப்ப எழுத்து வெட்டினது யாரு?"

கிரிஸ்பியான் தகட்டின் முதுகை மறுபடி பார்த்தார். அவர் வீட்டில் எழுத்து வெட்டுகிற கை ஒன்றுதான். அது யாருடைய கை என்று ஊருக்கே தெரியும். அவர் உதடு அசைந்து, ஒவ்வொரு டச்சு எழுத்தாக ஆறு வரை எண்ணியதை ஹில்லெ பார்த்தாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து யோசினா முன்னே வந்தாள். கருவிப் பெட்டியை மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். உள்பக்கம் அதே படம். அதே மன்மதன், அதே மூன்று மொழி, கோர்த்த அதே கைகள். இடது பக்கம் தாராளமாக இடம் விட்டு, அழகாக, யோசினா. வலது பக்கம் கோவெர்ட்.

"முதல் தாள் இது," என்றாள். "அப்பா ஊர்ல இல்லாதப்போ வெட்டினேன். இவன் கேட்டான், நானும் ஆசைப்பட்டேன். கல்யாணம் பண்ணிக்கறேன்னு இதுமேல கைவெச்சு சொன்னான். போன மாசம் வந்து, என் பேர அழிச்சிட்டு இவங்க பேர வெட்டச் சொன்னான். மாட்டேன்னா எல்லாத்தையும் அப்பாகிட்ட சொல்லிருவேன்னான்."

"ஒரே தகட்டுல ரெண்டு பொண்ணு!" என்றாள் ஹில்லெ, அடக்க முடியாமல். "புதுச் செம்பு வாங்கக்கூட மனசு வரல பாரு மாப்பிள்ளைக்கு!"

கூட்டம் சிரித்தது. சங்கத்து நண்பர்களும் சிரித்தார்கள். கோவெர்ட் நண்பர்களைப் பார்த்தான், கிரிஸ்பியானைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். கதவை மறித்துக் காவலன் நின்றான்.

"கவிதை?" என்று தலைவர் கிரிஸ்பியானைக் கேட்டார்.

"இந்தப் பொண்ணு என் கடைக்கு எழுதிக் குடுக்கறது," என்று முனகினார் அவர். "மூணு வருஷமா. எல்லாமே இவ எழுதினதுதான்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "எல்லாமேவா? எங்க வீட்லயும் ஒண்ணு மாட்டியிருக்கு." பிறகு அவசரமாகத் தாளைப் புரட்டினார். "எமெரென்சியா மேல போட்ட வழக்கு தள்ளுபடி. களம் அவங்களோடது. கோவெர்ட், முதல் வாக்குதான் செல்லும். இந்த யோசினாவ நீ கட்டிக்கத்தான் வேணும்."

எமெரென்சியா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்ததை மறைக்கவில்லை. கிரிஸ்பியான் முகத்தில் லேசாக ஒரு தெளிவு பிறந்தது. மானம் போனாலும் மதுவடிப்பவர் சம்பந்தம் கிடைக்கிறதே என்ற கணக்கு அது, அவ்வளவு வெட்கங்கெட்ட முகம்.

"எனக்கு வேணாம்," என்றாள் யோசினா.

"என்னம்மா?"

"வாக்குக் குடுத்துட்ட, கட்டிக்கோன்னு இவனக் கட்டாயப்படுத்தலாம். என்னைக் கட்டாயப்படுத்த முடியாது. அந்த வாக்க நான் விட்டுக் குடுத்துட்டேன். எழுதிக்குங்க." அப்பாவின் பக்கம் கையை நீட்டினாள். "தகட்டக் குடுங்க."

கிரிஸ்பியான் கொடுத்தார். அவள் அதைக் கணப்படுப்பின் கல்மேல் முகம் குப்புற வைத்தாள். பெட்டியிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்தாள். என் பேரை நானே தட்டி அழித்தேனே என்பது முகத்தில் அப்படியே இருந்தது. எமெரென்சியா அவள் பக்கத்தில் போய் மண்டியிட்டு, தகடு நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

யோசினா சுத்தியலை ஓங்கியவள் நிமிர்ந்து வெண்டெலைப் பார்த்தாள்.

"இவன் பேரு எந்தப் பக்கம் வாத்தியாரே?"

"வலது," என்றார் வெண்டெல். "சரியா ஹில்லெ?"

"இந்தத் தடவை சரி," என்றாள் ஹில்லெ.

முதல் அடி விழுந்தது.